மொட்டைத் தலையும் முழங்காலும்

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று பேச்சுக்குச் சொல்வார்கள். என் மச்சான் அதை மெய்யாகவே போட்டான். போட்ட இடம் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. முழங்கால் என்னுடையது. தலைகள் எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேருடையவை.

நகரியில் எங்களுக்கு ஒரு விசைத்தறி ஷெட் இருக்கிறது. லுங்கித் துணி ஓட்டுகிறோம். நானும் என் அண்ணனும் கூட்டாகப் பார்த்துக்கொள்கிறோம். அன்று காலை தறி ஓரமாக நின்று, அறுந்த இழை ஒன்றைப் பிடித்து முடிந்துகொண்டிருந்தேன். இடது கை இழையை விட்டுவிட்டது. பிடி என்றேன். பிடிக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த கை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. என்ன இது என்று யோசிப்பதற்குள் இடது காலும் அதன் கட்சியில் சேர்ந்துகொண்டது. தரையில் சரிந்து உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டேன். என் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததைப் பார்த்து, நான் அவனுக்குப் பழிப்புக் காட்டுகிறேன் என்று நினைத்து அவன் கோபித்துக்கொண்டான். "காலங்காத்தால இன்னாடா விளையாட்டு?" என்றான். பிறகுதான் அலறினான்.

பக்கவாதம் என்றார்கள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. என்னை உள்ளே படுக்க வைத்திருந்தபோது வெளியே வராந்தாவில் என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், திருப்பதி மலை இருக்கும் திசை எது என்று ஒரு நர்ஸிடம் விசாரித்து, அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பியிருக்கிறான். மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. அவன் சத்தமாக வேண்டிக்கொண்டான்.

"கோவிந்தா, எங்க மாமா யார் கையும் மேல படாம, தன் கால்லயே படி ஏறி உன்னான்ட வரணும். வந்தாருன்னா எங்க வூட்டு ஆம்பிளைங்க எல்லாரும் மொட்ட போட்டுக்கிறோம். அதுவரிக்கும் ஒருத்தன் மூஞ்சியிலயும் தலையிலயும் கத்தி படாது."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் கோவிந்தா என்று சேர்ந்து குரல் கொடுத்தார்களாம். இத்தனை சாட்சி ஆன பிறகு வேண்டுதலை வாபஸ் வாங்க முடியாது. அண்ணனை யாரும் கேட்கவில்லை. அவன் வாரம் தவறாமல் தலைக்கு டை அடிப்பவன், மீசையை அளவு வைத்து வெட்டுபவன். எங்கள் நைனாவையும், அதாவது அப்பாவையும், கேட்கவில்லை. அவருக்கு எண்பது வயது, தலையில் ஒரு முடி கிடையாது. "என் பங்க நான் எப்பவோ கட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் இட்லி தின்னப் போய்விட்டார்.

எனக்கு இந்த வேண்டுதல் பற்றி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். தெரிந்தபோது எனக்கு வேறு கவலை இருந்தது. லுங்கி.

லுங்கி கட்டுவது எவ்வளவு பெரிய வித்தை என்பது ஒரு கை போன பிறகுதான் தெரியும். இடது கை ஒரு ஓரத்தை இடுப்போடு அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கை மறு ஓரத்தை இழுத்து, அதன் மேல் கொண்டுவந்து, மடித்து, சுருட்டிச் செருக வேண்டும். பிடிக்கும் கை இல்லாவிட்டால் செருகும் கைக்கு வேலை இல்லை. வலது கையால் இழுத்துக்கொண்டே இருக்கலாம், லுங்கி இடுப்பைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் காலையில் என் மனைவி எதிரில் வந்து நிற்பாள். "மூச்ச இழுங்க" என்பாள். நான் இழுப்பேன். ஒரு இழு, ஒரு மடி, ஒரு செருகு. நாள் முழுக்க அவிழாது. எனக்கு ஒரு முறை அழுகை வந்தது. அந்த அழுகையும் வலது பக்கம்தான் ஒழுங்காக வந்தது. ஊருக்கெல்லாம் லுங்கி ஓட்டி அனுப்புகிறவனுக்குச் சொந்த லுங்கியைக் கட்ட ஆள் வேண்டும் என்றால் அவமானமாக இருக்காதா? எனக்கு இருந்தது. மலை, முடி எல்லாம் அப்புறம். இந்த இடுப்பு என் இடுப்பு, இதில் துணி நிற்க வைக்க வேண்டியவன் நான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மச்சான் நாடா வைத்த டிராக் பேன்ட் ஒன்று வாங்கி வந்தான். எலாஸ்டிக்கும் உண்டு, நாடாவும் உண்டு. நான் அவனைப் பார்த்த பார்வையில் அதை பீரோவில் வைத்துவிட்டான். பிசியோதெரபிக்குப் போகும்போது மட்டும் அதை மாட்டிக்கொள்வது, வந்ததும் லுங்கி என்று பிறகு ஒப்பந்தம் ஆயிற்று.

பிசியோதெரபி திருப்பதியில். நல்ல இடம், கைராசி என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவரும் சொல்லாத விஷயம், அது மாடியில் இருந்தது என்பது. கீழே மருந்துக் கடை, பக்கத்தில் செங்குத்தாக ஒரு படிக்கட்டு, லிஃப்ட் இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு நடை சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். ஏற முடிந்தவன் எதற்கு அங்கே போகிறான்? மருந்துக் கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். "வாடகை மேல கம்மி சார்" என்றார்.

என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அண்ணன் முன்னால், மச்சான் பின்னால் என்று தூக்கிப் போவார்கள். மாதம் இரண்டு தாண்டியிருந்தது. இருவருக்கும் தாடி மார்பைத் தொடும் உத்தேசத்தில் இருந்தது. எனக்கும் அப்படியே. திருப்பதியில் ஒரு தாடிக்காரனை இரண்டு தாடிக்காரர்கள் நாற்காலியில் தூக்கிப் போனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரு நாள் மொட்டை அடித்த ஒரு அம்மாள், குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்தவர் போல, எங்களை நிறுத்தினார். என் இடது பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடியில் ஒரு வாழைப்பழம் வைத்தார். "சுவாமி, பாப்பக்கி பெள்ளி காவாலி" என்றார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமாம். நான் சாமியார் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் அப்போதும் கொஞ்சம் கோணல், வார்த்தை குழறிற்று. அந்த அம்மாள் அதையே வாக்காக எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழத்தை அண்ணன் தின்றான்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு தெலுங்குப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். தமிழ் பேசுவாள், நடுவில் அவசரம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவாள். முதல் நாள் என் கை, கால், தோள் எல்லாவற்றையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், மீ கோல் ஏன்ட்டி? என்ன செய்ய ஆசை உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"மலை" என்றான் மச்சான்.

"மலை ஏறணும், அதுவும் சீக்கிரம்" என்றான் அண்ணன், தலையைச் சொறிந்துகொண்டே. டை போன வேர்ப் பக்கம் வெள்ளையும், நுனிப் பக்கம் கறுப்புமாக அவன் தலை இரண்டு போகம் விளைந்த நிலமாகியிருந்தது. கத்தி படக் கூடாது என்றுதானே வேண்டுதல், டை படலாம் அல்லவா என்று அவன் கேட்க, மச்சான் யோசித்து, அது சாமியை ஏமாற்றுவது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தான்.

"நான் கேட்டது அங்கிளை" என்றாள் அந்தப் பெண்.

"லுங்கி" என்றேன்.

இரண்டு தாடிகளும் என் பக்கம் திரும்பின. துரோகியைப் பார்க்கும் பார்வை. அவள் சிரிக்கவில்லை. என் இடது கையை எடுத்து மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "கொண்ட, அதான் மலை, அதுவும் ஏறலாம், லுங்கியும் கட்டலாம் அங்கிள். அந்தா மெல்லகா. எல்லாம் மெதுவாத்தான் வரும்" என்றாள். அவளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

ஆனால் எதற்கு முதலிடம் என்பது அவர்கள் கையில் இருந்தது. கட்டிலிலிருந்து எழு, உட்கார். இடது காலில் பாரம் போடு. முழங்காலைப் பூட்டாதே, தளர்த்து. கால் நுனி தரையில் இழுபடாமல் இருக்க ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை. இதெல்லாம் நடக்கும்வரை மச்சானும் அண்ணனும் பெஞ்சில் உட்கார்ந்து, கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மாதிரி உற்சாகமாகப் பார்ப்பார்கள். கைப் பயிற்சிக்குப் போனால் உடனே கொட்டாவி. துணிக்குப் போடும் கிளிப்பை விரலால் அழுத்தி ஒரு கம்பியில் மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். எனக்கு அது பாறையை உடைப்பது போல. முதல் கிளிப் திறப்பதற்குள், "மேடம், கை எங்க போவப்போவுது? கால பாருங்க மேடம், கால்" என்பான் அண்ணன்.

கண்ணாடி வைத்து ஒரு பயிற்சி உண்டு. இடது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, வலது கையை முன்னால் அசைக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது இடது கை என்று மூளை ஏமாறும், ஏமாந்து ஏமாந்து வழிக்கு வரும் என்றாள். என் மூளை ஏமாறத் தயாராகத்தான் இருந்தது. அண்ணன் பின்னாலிருந்து எட்டி அதே கண்ணாடியில் தன் நரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், நான் அசைக்க அசைக்க கையோடு ஒரு தாடியும் தெரிந்தது. மூளை குழம்பிவிட்டது. அவள் பென்சிலால் மேஜையைத் தட்டி, "மீரு பயட கூர்ச்சோண்டி! வெளியில போங்க ரெண்டு பேரும்!" என்று விரட்டினாள்.

மச்சானுக்கு வேறொரு சந்தேகம். நடக்கப் பழக்கும்போது என் இடுப்பில் ஒரு பட்டையான பெல்ட்டைக் கட்டி அவள் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள்.

"மேடம், மலையில இந்த பெல்ட்ட புடிச்சிக்கினு வந்தா, அது கை பட்டதா ஆவுமா?"

"இது பெல்ட். கை காது, கை இல்ல."

"பெல்ட்ட புடிச்சிக்கினு கீறது கை தானே மேடம்?"

"அது உங்க சாமிகிட்ட அடுகண்டி" என்றாள். அவன் கேட்டானா தெரியாது. பெல்ட் கூடாது என்று இரண்டு நாள் கழித்து வந்து அறிவித்தான்.

என் நடை சீராக வர ஒரு தாளம் வேண்டும் என்று அவள் கை தட்டுவாள். தட்டுக்கு ஒரு அடி. வீட்டிலும் ஏதாவது ஒரே மாதிரி சத்தம் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னாள். எங்கள் வீட்டில் சத்தத்துக்கா பஞ்சம்? ஷெட்டில் தறி ஓடும் ஓரத்தில் ஒரு நடைபாதை உண்டு. முதல் நாள் தறியின் ஒவ்வொரு தடக்குக்கும் ஒரு அடி வைக்கப் போய் மூன்றாவது தடக்கில் நூல் மூட்டை மேல் விழுந்தேன். தறி மனிதனுக்காகக் காத்திருக்காது. பிறகு நாலு தடக்குக்கு ஒரு அடி என்று கணக்கு மாற்றினோம். தடக் தடக் தடக் தடக், இடது கால். தடக் தடக் தடக் தடக், வலது கால். நன்றாக வந்தது. எவ்வளவு நன்றாக என்றால், சத்தம் இல்லாவிட்டால் நடையே இல்லை என்று ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம் ஷெட்டின் நடுவில், இடது காலைத் தூக்கிய நேரம், கரண்ட் போய்விட்டது. தறி நின்றது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. எங்கே வைப்பது என்று அதற்கு உத்தரவு வரவில்லை. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றேன். அண்ணன் ஓடிப்போய், மின்சார ஆபீஸுக்குப் போன் போட்டு, "தம்பியோட கால் தூக்கியே கீதுங்க, கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டான். அந்தப் பக்கம் என்ன நினைத்தார்களோ, வைத்துவிட்டார்கள். கடைசியில் சமையல் வேலையைப் போட்டுவிட்டு வந்த என் மனைவி நிலைமையைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் நின்று, வாயாலேயே "தடக் தடக் தடக் தடக்" என்று ஓட்டினாள். கால் இறங்கியது. அப்படியே தறி ஓட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்து, என்னைக் கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. சொன்னேன். "சோறு கருகிப் பூட்சி, போங்க" என்றாள்.

இதற்கிடையில் மச்சானுக்குப் பெண் அமைந்தது. விஜயபுரம் பக்கம், நல்ல குடும்பம். அவனுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே தலைக்கு ஒரு வலை மாட்டுவார்கள், இவனுக்கு மட்டும் தாடிக்கும் ஒன்று. பெண் வீட்டார் வந்து பார்த்தார்கள். பெண்ணின் அம்மா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த தாடிகளை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார். "மாப்பிள்ள சாமியாரா பூடுவாரா?" என்று என் மனைவியைத் தனியாகக் கேட்டாராம். விஷயத்தை விளக்கியதும், நிச்சயதார்த்தத்துக்குள் முகம் தெரிய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். நிச்சயதார்த்தம் தை மாதம்.

அதிலிருந்து மச்சான் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என் முழங்காலைப் பார்த்துத்தான் பேசுவான். வராத பஸ்ஸுக்கு நிற்கிறவன் ரோட்டைப் பார்க்கிற மாதிரி. "இன்னிக்கி எப்பிடி கீது?" என்று அதையே விசாரிப்பான். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்காகத்தானே வேண்டிக்கொண்டான்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் போய்க் கேட்டோம். அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலை முழுக்க ஏறுவது என்ற பேச்சே வேண்டாம் என்றாள். பிரஷர் இருக்கிறது, இடது கால் சீக்கிரம் களைக்கிறது, இந்த வருஷம் கிடையாது. மச்சான் முகம் தாடிக்குள் சுருங்கியது. அதைப் பார்க்க அவளுக்கும் பொறுக்கவில்லை. மேலே, மலையை நெருங்கும் இடத்தில் செங்குத்தாக வரும் கடைசிப் படிகளை மட்டும் ஏறலாம், டாக்டர் சரி என்றால், உட்கார்ந்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்றாள். டாக்டரும் பிரஷர் பார்த்துச் சரி என்றார்.

"கம்பி?" என்றான் மச்சான்.

"கம்பி கை காது" என்றாள் அவள். அதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

பாதி மலை ஏறினால் வேண்டுதல் செல்லுமா என்று வீட்டில் பஞ்சாயத்து. நைனாதான் முடித்துவைத்தார். "சாமி இன்னா சர்வேயரா? எங்கேர்ந்து ஏறுனான்னு சங்கிலி புடிச்சி அளந்துக்கினு இருப்பாரா?" என்றார்.

கிளம்பும் நாள் காலையில் எனக்கு எட்டு முழ வேட்டி. மலைக்குப் போகிறோம், டிராக் பேன்ட் ஆகாது. மனைவி எதிரில் நின்றாள். "மூச்ச இழுங்க." இழுத்தேன். என் கை இதற்குள் கிளிப்பைத் திறந்து மூடும், டம்ளரைப் பிடிக்கும், ஆனால் லுங்கி மட்டும் கைகூடவில்லை. ஓரத்தைப் பிடிக்கும். வலது கை இழுக்கும் நேரம் பார்த்து விட்டுவிடும். ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன், ஒவ்வொரு நாளும் விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே அவள் கூப்பிடாமல் காத்திருப்பாள்.

படிகள் தொடங்கும் அந்த இடத்துக்குக் கீழேயிருந்து போக எங்களுக்கு வழி தெரியவில்லை. அதனால் ஜீப்பில் மேலே போய், வேறு ரோட்டில் கீழே இறங்கி, படிக்கட்டு ரோட்டை ஒட்டி வரும் இடத்தில் இறங்கிக்கொண்டோம். ஏறுவதற்காக முதலில் ஏறி, பிறகு இறங்கி, மறுபடி ஏறப் போகிறோம். டிரைவர் எங்கள் தாடிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "எக்கினவாள்ளு திகி மள்ளீ எக்குதாரா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போனார். ஏறினவர்கள் இறங்கி மறுபடி ஏறுவார்களா என்ற அவருடைய கேள்வி நியாயமானதுதான். நைனாவை அவரோடு மேலே அனுப்பிவிட்டோம்.

வலது கை கம்பியில். நல்ல கால் முதலில் மேலே, பிறகு இந்தக் கால். படிகள் முழுக்க மஞ்சள் குங்குமம். ஒவ்வொரு படிக்கும் பொட்டு வைத்துக்கொண்டு ஒரு பெண் கீழேயிருந்து வந்தவர், என்னைக் கடந்து போனார். ஒருவர் முழங்காலாலேயே ஏறிக்கொண்டிருந்தார், அதுவும் ஒரு வேண்டுதல். அவரும் என்னைக் கடந்து போனார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ஆனால் கால் தடுமாறியது. தறிச் சத்தம் இல்லை.

அண்ணனுக்கு அது புரிந்துவிட்டது. "தடக் தடக் தடக் தடக்" என்று ஆரம்பித்தான். மச்சான் சேர்ந்துகொண்டான். கால் ஓடத் தொடங்கியது. பின்னால் ஒரு தெலுங்குக் கூட்டம் கோவிந்தா கோவிந்தா என்று வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு சத்தமும் முட்டிக்கொண்டன. பிறகு எப்படியோ ஒத்துப்போய்விட்டன. அவர்கள் கோவிந்தா என்பார்கள், இவர்கள் தடக் தடக் என்பார்கள். இது ஏதோ எங்கள் ஊர் பஜனை என்று நினைத்து அந்தக் கூட்டத்தில் சிலர் தடக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அங்கங்கே உட்கார்ந்தேன், எழுந்தேன். உட்கார்ந்து எழுந்ததில் வேட்டி நெகிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. படிகள் முடியும் இடத்து வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது, ஒரு படியில் வலது காலை வைத்து எழும்பியபோது இடுப்பு சட்டென்று லேசாயிற்று. வேட்டி அவிழ்ந்துவிட்டது.

கம்பியை விட்டு வலது கையால் வாரிப் பிடித்தேன். உடம்பு சாய்ந்தது. கம்பித் தூணில் இடுப்பை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டேன். என் மனைவி ஒரே தாவலில் வந்துவிட்டாள். அவள் கை என் இடுப்புக்கு வந்தது.

"அக்கா, தொடாத!" என்று கத்தினான் மச்சான்.

அவள் கை அப்படியே நின்றது. அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனை அவள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள், அப்படிப் பார்த்ததில்லை. அவன் அழுதுவிடுவான் போல் இருந்தான். "தொடாத அக்கா, இன்னும் கொஞ்சந்தான் கீது" என்றான். அவனுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. துண்டை உதறி என்னைச் சுற்றி மறைத்துப் பிடித்தான். அண்ணனும் தன் துண்டைப் பிடித்தான். துண்டுகளுக்கு வெளியே ஜனம் நின்றுவிட்டது. உள்ளே நானும், ஒரு வேட்டியும், என் இரண்டு கைகளும்.

"கட்டுங்க" என்றாள் மனைவி, துண்டுக்கு வெளியே இருந்து.

ஒரு ஓரத்தை இடது விரல்களுக்குள் திணித்தேன். மறு ஓரத்தை வலது கை இழுத்தது. இடது கை விட்டுவிட்டது. இழையை விட்டது போலவே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கையைக் கழற்றி மலையிலிருந்து வீசியிருப்பேன். அண்ணன் பயத்தில் இன்னும் தடக் தடக் என்றுகொண்டிருந்தான். "நிறுத்துடா, இது கால் இல்ல, கை" என்று கத்தினேன். நிறுத்தினான். எல்லாச் சத்தமும் நின்றது.

கிளிப்பை நினைத்தேன். பெருவிரலும் பக்கத்து விரலும் மட்டும் போதும், மற்றவை எப்படியோ போகட்டும். ஓரத்தை அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். பிடி என்றேன்.

பிடித்தது.

வலது கை மெல்ல இழுத்தது. மெல்லகா, மெல்லகா. இடது விரல்கள் நடுங்கின, விடவில்லை. மேலே கொண்டுவந்தேன், மடித்தேன், சுருட்டினேன், செருகினேன். யாரும் சொல்லாமலே மூச்சை இழுத்திருந்தேன். கையை எடுத்தேன். வேட்டி நின்றது. ஒரு பக்கம் கணுக்காலில், ஒரு பக்கம் முழங்காலில், ஆனால் நின்றது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். இந்த முறை இரண்டு பக்கமும் வந்தது.

மச்சான் துண்டை இறக்கினான். படிக்கட்டு நிறைய ஜனம். துண்டுக்குள் ஏதோ அபிஷேகம் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது, திரை விலகியதும் எல்லோரும் கைகூப்பி "கோவிந்தா!" என்று முழங்கினார்கள். நானும் கும்பிட்டேன். இரண்டு கையாலும்.

மீதிப் படிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏறினேன். மேலே முடி இறக்கும் இடத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணனின் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. நைனா தானும் உட்கார்வேன் என்று அடம்பிடித்தார். நாவிதர் அந்தத் தலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கத்தியை ஒரு முறை காற்றில் தடவியது போல இழுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நிச்சயதார்த்தத்தில் மச்சானின் முகம் நன்றாகத் தெரிந்தது. மொட்டையும் சேர்ந்தே தெரிந்தது. பெண்ணின் அம்மா அதைப் பற்றி முன்கூட்டிப் பேசாமல் விட்டது அவர் தவறு.

மலையிலிருந்து வந்த மறுநாள் காலை, வழக்கம்போல என் மனைவி வந்து எதிரில் நின்றாள். நின்ற வாக்கிலேயே "மூச்ச இழுங்க" என்றாள். நான் அதற்குள் லுங்கியைக் கட்டியிருந்தேன். கோணலாகத்தான். அவள் கை பாதி வழி வந்து, வேலை இல்லாமல் நின்றது. கொஞ்ச நேரம் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அவுந்துடும்" என்றாள்.

"அவுந்தா கட்டிக்கிறேன்" என்றேன்.

அன்று ஷெட்டில் ஒரு முறை அவிழ்ந்தது, தெருவில் பால்காரர் எதிரில் ஒரு முறை அவிழ்ந்தது. கட்டிக்கொண்டேன்.